ஆணிக்கு ஒரு படம்

கோடை ஓவியர் என்று ஓர் இனம் இருக்கிறது. வருஷத்தில் பதினொன்றரை மாதம் இவரை அடையாளம் கண்டுபிடிக்க உங்களால் முடியாது. எல்லோரையும்போலச் சவரம் செய்துகொள்வார், எல்லோரையும்போலப் பேருந்துக்கு ஓடுவார், அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கும் நாற்காலிக்காக எல்லோரோடும் சண்டை போடுவார். வெயில் ஏறி, பள்ளிக்கூடங்களைப் பூட்டி, தீவுக்குப் போகும் கப்பலில் பெட்டிமேல் மனிதனும் மனிதன்மேல் பெட்டியுமாகப் போகிற அந்தப் பதினைந்து நாள் வந்ததோ இல்லையோ, ஆள் மாறிப் போகிறார். தலையில் ஓலைத் தொப்பி முளைக்கிறது. தோளில் மரப்பெட்டி, கையில் மடக்கு முக்காலி, கக்கத்தில் குடை, பல்லுக்கு இடையில் பிரஷ், சட்டைப் பையில் டர்பன்டைன் புட்டி, இத்தனையையும் சுமந்துகொண்டு, ஆடே யோசித்து ஏறுகிற பாறையில் யோசிக்காமல் ஏறி, உச்சியில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடலை முறைக்கிறார். கடல் இவருக்கு என்ன கெடுதல் செய்தது? ஒன்றும் செய்யவில்லை. அழகாக இருந்துவிட்டது, அவ்வளவுதான்.

இவர் வரைவது ஆளுயரப் படம் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் அளவில் ஒரு பலகை. அதற்குள் ஒரு கடல், ஒரு வானம், ஒரு குன்று, குன்றுக்குக் கீழே ஒரு படகு, இடம் மிஞ்சினால் ஓர் ஆடு. அத்தனையும் எண்ணெய் வர்ணத்தில், அத்தனையும் நேரில் பார்த்து, அத்தனையும் ஒரே மூச்சில். வீட்டுக்குள் உட்கார்ந்து புகைப்படத்தைப் பார்த்து வரைகிறவர்களைப் பற்றி இவரிடம் பேச்செடுக்கக் கூடாது. வேப்பெண்ணெய் குடித்த முகமாகிவிடும். "சின்னதா இருந்தா சட்டுனு முடிஞ்சிடும்" என்பது இவர் கட்சி. சட்டென்று முடிகிறதா? பொறுங்கள், அங்கேதான் வருகிறேன்.

முதலில் அந்தக் கட்டைவிரல். கையை முழுக்க நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி, எதிரே இருக்கும் குன்றை அளப்பார். போன வருஷமும் அது அதே உயரம்தான். அப்புறம், பின்னால் நகர்வது. படத்தைத் தள்ளி நின்று பார்க்க வேண்டுமாம். நான்கடி நகர்ந்தால் முள்செடி, ஐந்தடி நகர்ந்தால் யாருடைய தக்காளிப் பாத்தியோ, ஆறடி நகர்ந்தால் கடல். ஆறடியும் நகர்ந்தவர்கள் உண்டு. முழங்கால் தண்ணீரில் நின்றபடி, செருப்பு ஒன்று மிதந்து போவதையும் கவனிக்காமல், தலையைச் சாய்த்து "நீலம் பத்தலை" என்று சொன்ன ஒருவரை நான் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் விமோசனம் கிடையாது. ரொட்டியைத் தின்னாமல் ரொட்டியின் நிழலைப் பார்ப்பார். நிழல் ஊதாவாம். கட்டிய மனைவி வெயிலில் மூக்குத் தோல் உரிந்து எரிச்சல் தாங்காமல் தவிக்கும்போது, "அசையாதே! என்ன ஒரு ஆரஞ்சு!" என்பார். இப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அரசாங்கம் ஏதாவது பதக்கம் கொடுக்கக் கூடாதா?

இவையெல்லாம் வெறும் பழக்கங்கள். பொறுத்துக்கொள்ளலாம். வியாதி வேறு. அதன் பெயர் "இன்னும் ஒரே ஒரு தீற்று."

நமக்குத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். தீவில் எல்லோரும் அவரை 'டர்பன்டைன் சார்' என்பார்கள். அவர் வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்பே வாசனை வந்துவிடும். ஊரில் அவர் யார் தெரியுமா? வண்டி ஓட்ட உரிமம் கேட்டு வருகிறவர்களைப் பரீட்சை பண்ணும் அதிகாரி. இருபத்தெட்டு வருஷமாக, கறிகாய் வியாபாரியிலிருந்து கண் டாக்டர்வரை, அத்தனை பேர் பக்கத்திலும் இடது இருக்கையில் உட்கார்ந்து, ஏழே நிமிஷத்தில் தீர்ப்புச் சொன்னவர். 'பாஸ்' என்றால் பாஸ். 'ஃபெயில்' என்றால் பிரம்மா வந்தாலும் ஃபெயில். அவருடைய பரீட்சையில் ஒரு பகுதி அந்த வட்டாரத்துக்கே பிரசித்தம். வண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், எதிரே இருக்கும் டாஷ்போர்டுப் பலகையை உள்ளங்கையால் 'பட்'டென்று அறைந்து, "நிறுத்துங்க!" என்று ஒரு கத்தல். அந்தக் கணமே கால் பிரேக்கில் இருக்க வேண்டும். "ஏன் சார்?" என்று கேட்டவன் ஃபெயில். "இறங்கலாம். அடுத்த ஆள்." அவ்வளவுதான், மறுபேச்சு கிடையாது.

இதில் ஃபெயிலானவர்கள் பட்டியலில் அவர் மனைவியும் உண்டு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், அப்போது யாரோ ஒரு பெண்ணாக அவள் பரீட்சைக்கு வந்தபோது, பலகையில் அறை விழுந்ததும், பிரேக்கைத் தொடாமல், நிதானமாக அவர் பக்கம் திரும்பி, "எதுக்குங்க?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் வண்டி அலுவலகத்துப் பூந்தொட்டிகளை விசாரிக்கப் போய்விட்டது. ஃபெயில். மறுமாதம் வந்தாள், இந்தத் தடவை அவள் மிதித்த மிதியில் அதிகாரியின் நெற்றி கண்ணாடியில் போய் முட்டியது. பாஸ். மூன்றாம் தடவை சந்தித்தபோது பரீட்சை எழுத வந்தவர் அவர்தான். நெற்றியில் பிளாஸ்திரியோடு அவள் வீட்டு வாசலில் நின்றார்.

இப்படி அடுத்தவன் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்த மனிதருக்குத் தன் கையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியாது. ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

ஆணியின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் முதலாகத் தீவுக்குக் கிளம்பிய கோடையில், அதற்கு முதல் நாளே, வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கு எதிர்ச்சுவரில், தானே ஏணி வைத்து ஏறி, நூல் பிடித்து, மட்டம் பார்த்து, ஓர் ஆணி அடித்தார். "திரும்பி வந்ததும் மாட்டுறோம்" என்றார். திரும்பி வந்தார்கள். மாட்டவில்லை. மாட்ட ஒன்றும் இல்லை. மறு கோடை, அதற்கு மறு கோடை, நான்கு கோடை ஆயிற்று. அந்த ஆணியில் கடைப்பை தொங்கியிருக்கிறது, நனைந்த குடை தொங்கியிருக்கிறது, மச்சினன் வந்தால் அவன் தொப்பி தொங்கும். மின்சார வேலைக்கு வந்தவர், "இதுல லைட்டு மாட்டணுமா சார்?" என்று கேட்டார். கல்யாணம் ஆகாத பெண்ணைப் பற்றி விசாரிப்பதுபோல, வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஆணியைப் பற்றி விசாரித்தார்கள்.

ஐந்தாவது கோடையில், தீவுக்குப் போகும் கப்பலிலேயே, அவர் மனைவியான அந்த அம்மாள் வாயைத் திறந்தாள்.

"இங்க பாருங்க. மருந்துக் கடைக்காரர் ஒரு காலண்டர் குடுத்திருக்காரு. பெருசு. பல்லு விளக்குற குழந்தை படம் போட்டது."

"அதுக்கென்ன?"

"இந்தத் தடவை படம் வரலைன்னா, திரும்பிப் போற அன்னிக்கே அந்த ஆணியில அதைத்தான் மாட்டப் போறேன். வருஷம் பூரா அது உங்களைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

அதிகாரி சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. காலண்டரை அவர் பார்த்திருந்தார். அந்தக் குழந்தைக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரியும்.

தீவில் அவர்கள் வழக்கமாகத் தங்குவது கடலோரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு. ஒரு அறை, ஒரு ஜன்னல், ஆடுகிற ஒரு மேசை. வீட்டுக்கார அம்மாள் இவர்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தாள்.

"வாங்க சார், வாங்க! உங்க படமெல்லாம் ரொம்ப உபயோகமா இருக்கு. போன வருஷம் விட்டுட்டுப் போனீங்களே, அந்தக் கடல் படம், கோழிக்கூட்டு மேல போட்டிருக்கேன். எவ்ளோ மழை! ஒரு சொட்டு உள்ள இறங்கலியே!"

கலையை மதிக்கும் ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று அதிகாரிக்கு அரை நிமிஷம் பெருமையாக இருந்தது. மேசைக்கு ஆட்டம் குறைந்திருப்பதையும் அவர் கவனித்தார். குனிந்து பார்த்தால், ஒரு காலுக்கு அடியில் அதற்கு முந்தின வருஷத்துச் சூரிய அஸ்தமனம்.

மறுநாள் காலையிலிருந்து வேட்டை ஆரம்பமாயிற்று. காலை ஒன்பது மணிக்கு அவர் முக்காலியை விரிப்பார். அவர் மனைவி பக்கத்தில் குடையை நட்டு, வர்ணப் பெட்டியின் மூடியில் கையை ஊன்றிக்கொண்டு, ஒரு துப்பறியும் நாவலைப் பிரிப்பாள். அதை அவள் ஏற்கெனவே மூன்று தடவை படித்திருந்தாள். கொலைகாரன் யார் என்று தெரியும். எதிரே நடக்கப்போகிற கொலையை யார் செய்யப்போகிறார் என்பதும் தெரியும்.

அது எப்படி நடக்கும் என்று கேளுங்கள். முதல் நாற்பது நிமிஷம், சத்தியமாகச் சொல்கிறேன், மனிதர் மகாராஜா. முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷமாக இறுகிப்போன அந்தத் தாடை தானே அவிழும். மூக்கால் ஏதோ ஒரு ராகத்தை இழுத்தபடி, நாக்கு நுனியை வெளியே நீட்டியபடி, இங்கே ஒரு நீலம், அங்கே ஒரு பச்சை, கரையில் ஒரு வெள்ளை என்று வைத்துக்கொண்டே போவார். ஒன்பதே முக்காலுக்கு நாவலிலிருந்து அந்த அம்மாள் தலையைத் தூக்கினால், பலகையில் கடல் அசைந்துகொண்டிருக்கும். படம் முடிந்திருக்கும். அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

ஒன்பது நாற்பத்தாறுக்கு, "இன்னும் ஒரே ஒரு தீற்று" என்பார்.

அந்த ஒன்று பாறை நிழலுக்கு. வைத்துவிட்டு நிமிர்ந்தால், நிஜப் பாறையின் நிழல் நகர்ந்திருக்கும். அதைத் துரத்திக்கொண்டு போய்ப் படத்து நிழலையும் நகர்த்துவார். நிழல் நகர்ந்ததும் பாறை கோணலாகத் தெரியும். பாறையை நிமிர்த்துவார். பாறை நிமிர்ந்ததும் படகு சின்னதாகிவிடும். படகைப் பெருசாக்குவதற்குள் நிஜப் படகு மீன் பிடிக்கப் போயிருக்கும். போன படகைத் துடைத்து அந்த இடத்தில் தண்ணீர் பூசி முடிக்கிற நேரத்துக்குச் சரியாகப் படகு திரும்பி வந்து, எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். ஈர வர்ணத்தின்மேல் ஈர வர்ணம், நீலத்தின்மேல் சிவப்பு, அதன்மேல் மஞ்சள். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால், பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் ஒன்று பலகையில் இருக்கும். காலையும் மதியமும் ஒரே நேரத்தில் நடக்கிற அந்த உலகத்தில் ஆட்டுக்கு இரண்டு பக்கமும் நிழல்.

"வெளிச்சம் போச்சு" என்பார் அதிகாரி. பாவம், வெளிச்சத்தின்மேல் பழி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

படகுக்காரரிடமும் பேசிப் பார்த்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் படகை எடுக்காம இருக்க முடியுமா?"

"சார், நேத்தும் அதையேதான் கேட்டீங்க. நேத்து நான் சும்மாதான் உக்காந்திருந்தேன். மீனெல்லாம் என் வீட்டைத் தேடி நடந்து வருமா?"

"ஒரு அரை மணி நேரம்."

"உங்க அரை மணி எனக்குத் தெரியும் சார். போன வருஷம் அரை மணின்னீங்க, படகு அடியில பாசி பிடிச்சிடுச்சு." அவருக்கும் மனசு கேட்கவில்லை. படகு நின்ற இடத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு பழைய டின்னைக் கயிறு கட்டி மிதக்கவிட்டுப் போனார். "இதைப் படகுன்னு வச்சுக்குங்க சார்." அன்றைய படத்தில், கடலுக்கு நடுவில், ஒரு டின் தன்னந்தனியாகப் பயணம் போனது.

அந்த அம்மாள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். முதல் கோடையில் சொல்லிப் பார்த்தவள்தான். "போதுங்க, இதோட விட்டுடுங்க, அழகா இருக்கு" என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தாலும் தேவலை. குழந்தைக்குச் சொல்வதுபோல, "இது வெறும் அஸ்திவாரம்மா. இனிமேதான் படமே" என்றார். அன்று அஸ்திவாரத்தின்மேல் ஆறு மாடி எழும்பி ஆறும் இடிந்து விழுந்தன. அதிலிருந்து அவள் நாவலைத் தவிர வேறெங்கும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தாள். சொன்னால் வம்பு, சொல்லாவிட்டால் சேறு.

ஆனால் அவளுக்கு அந்தப் படம் வேண்டும். வருகிறவர்களிடம் காட்டிக்கொள்ள அல்ல. ஆணிக்காகக்கூட அல்ல, ஆணியைப் பிடுங்கி எறிய எவ்வளவு நேரம் ஆகும்? காலையில் அந்த நாற்பது நிமிஷம் மட்டும் வந்துவிட்டுப் போகிற அந்த மனிதரை, நாக்கை நீட்டிக்கொண்டு மூக்கால் பாடுகிறவரை, அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வருஷத்தில் மீதி நாளெல்லாம் 'ஃபெயில், ஃபெயில்' என்று சொல்லிச் சொல்லி வீட்டுக்கும் அதே முகத்தைக் கொண்டுவருகிறவர் அவர். அந்த நாற்பது நிமிஷத்து ஆளை ஒரே ஒரு தடவையாவது காப்பாற்றிச் சுவரில் மாட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. தினமும் பன்னிரண்டு மணிக்கு அவர் அந்த ஆளைத் தன் கையாலேயே சேற்றில் புதைத்தார்.

பதினான்காம் நாள் தப்பித்துவிட்டது என்றே நினைத்தாள். படம் பிரமாதம். அவரே பிரஷைக் கழுவினார், பெட்டியை மூடினார், தொப்பியைக்கூடத் தட்டிப் போட்டுக்கொண்டார். அவளும் நாவலை மூடிவிட்டு எழுந்து மணலைத் தட்டினாள். கிளம்பி இரண்டடி வைத்தவர், சும்மா ஒரு பார்வை, திரும்பிப் பார்த்தார்.

"அந்த மேகம் மட்டும்..."

பெட்டி திறந்தது. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கார அம்மாளுக்குக் கோழிக்கூட்டின் இன்னொரு பக்கமும் அடைபட்டது. அன்றைக்கு அந்த அம்மாள் நாவலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றால் எப்படிப் பிடித்தால் என்ன?

விடிந்தால் பதினைந்தாம் நாள். பன்னிரண்டு மணிக்குக் கப்பல். சாமானெல்லாம் கட்டியாகிவிட்டது. இருப்பது ஒரே ஒரு பலகை. வெள்ளை வர்ணக் குழாயைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதிகாரி ராத்திரி முழுக்கப் பல் விளக்கும் குழந்தையைக் கனவில் கண்டவர்போலக் கண் சிவந்து வந்து உட்கார்ந்தார். நல்ல வேளை, படகுக்காரருக்கு எஞ்சின் மக்கர். படகு கரையோடு கட்டிக் கிடந்தது. அவர் அதற்குள் உட்கார்ந்து ஸ்பேனரால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மாள் துவைத்த மஞ்சள் துண்டு ஒன்றைக் கரையோரத்துக் கல்சுவரில் விரித்துவிட்டுப் போனாள்.

ஆரம்பித்தார். வர்ணம் குறைவு என்பதால் கை சிக்கனமாக ஓடியது. ஒரு வானம், ஒரே வீச்சு. ஒரு கடல், நான்கு வீச்சு. படகு, கல்சுவர். கடைசியில் அந்தத் துண்டு. பிரஷ் நிறைய மஞ்சளை எடுத்து, மூச்சைப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரே ஓர் இழுப்பு. மூக்கால் பாட்டு வந்துகொண்டிருந்தது.

ஒன்பதே முக்கால். அந்த அம்மாள் தலையைத் தூக்கினாள்.

அடேயப்பா! கடலில் வெயில் தளதளவென்று அடித்தது. படகுக்குக் கனம் இருந்தது. நான்கு பேர் தள்ளினால்தான் நகரும். துண்டோ ஈரத்தோடு தொங்கியது, கிட்டப் போனால் சோப்பு வாசனை வரும்போல. பதினான்கு நாளும் நான்கு கோடையும் காத்திருந்தது இதற்குத்தான்.

அதிகாரி நான்கடி பின்னால் போனார். முள் குத்தியது. முன்னால் வந்தார். ஒரு கண்ணை மூடினார். தலை இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது. பிரஷ் மெல்ல மஞ்சளில் இறங்கியது.

"இன்னும் ஒரே ஒரு..."

கை கிளம்பிவிட்டது. துண்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் கண்முன்னால் முப்பத்திரண்டு பல்லும் வரிசையாக வந்து நின்றன. என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பெட்டி மூடியில் ஊன்றியிருந்த கை மேலே எழும்பியது, உள்ளங்கை விரிந்தது, பட்டென்று அந்த மரமூடியில் ஓர் அறை.

"நிறுத்துங்க!"

அதிகாரியின் வலது கால் தரையை மிதித்தது. மிதித்த மிதியில் செருப்போடு கணுக்கால்வரை மணலில் இறங்கியது. கை அந்தரத்தில் நின்றது. பலகைக்கும் பிரஷுக்கும் நடுவில் ஓர் எறும்பு நுழையலாம். இரண்டு எறும்பு நுழைய முடியாது. பிரஷ் நுனியிலிருந்து ஒரு சொட்டு மஞ்சள் கழன்று அவர் கட்டைவிரல்மேல் விழுந்தது. படகுக்குள் ஸ்பேனர் சத்தம் நின்றுபோயிற்று. அந்தப் படகுக்காரர் இரண்டு தடவை இவரிடம் ஃபெயிலானவர் என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன். அவர் காலும் தன்னையறியாமல் எதையோ மிதித்திருந்தது.

அதிகாரி வாயைத் திறந்தார். "ஏ..." என்றார். அதற்குமேல் வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்குத் தான் என்ன சொல்வோம் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? 'ஏன்' என்பதை எச்சிலோடு விழுங்கினார்.

அந்த அம்மாள் எழுந்தாள். இரண்டு கையாலும் பலகையின் ஓரங்களைப் பிடித்துப் படத் தாங்கியிலிருந்து தூக்கினாள். இருபத்தாறு வருஷமாக அவள் வயிற்றுக்குள் கிடந்த ஒரு வார்த்தை நிதானமாக வெளியே வந்தது.

"பாஸ். இறங்கலாம். அடுத்த ஆள்."

அதிகாரிக்கு முகம் என்னவோ ஆயிற்று. அழப்போகிறாரோ என்று பார்த்தால், சிரிக்க ஆரம்பித்தார். மணலுக்குள் கால் புதைந்தபடி, தொப்பி சரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள், ஆனால் பலகையை மட்டும் அவர் கைக்கு எட்டாத உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எண்ணெய் வர்ணம் காய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஆகவே கப்பலில் ஒன்றரை மணி நேரமும் படம் அவள் மடியில்தான். நடுவழியில் எங்கிருந்தோ ஓர் ஈ வந்து, சரியாக வானத்தில் உட்கார்ந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அந்த ஈயை மட்டும் எடுத்துடறேனே?"

"கை!" என்றாள் அவள். "ஈ இருக்கட்டும். பறவைன்னு நினைச்சுப்பாங்க."

அப்படியேதான் நினைக்கிறார்கள். இன்றைக்கும் நீங்கள் அந்த வீட்டுக் கூடத்துக்குப் போனால், அந்த ஆணியில் அந்தப் படம் தொங்குவதைப் பார்க்கலாம். வருகிறவர்கள் எல்லோரும் கிட்டப் போய்ப் பார்த்து, "எல்லாம் நல்லா இருக்கு சார், ஆனா அந்தப் பறவை இருக்கு பாருங்க, அதுதான் உயிர்" என்கிறார்கள். மச்சினன் தொப்பியை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்கிறான். காலண்டர் குழந்தை சமையலறையில் சிரித்துக்கொண்டிருக்கிறது. அதிகாரி ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர் சோபாவில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில், "தூசி தட்டறேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து சுவர்ப் பக்கம் போவார். சமையலறை மேசையில் பட்டென்று ஓர் அறை விழும். நின்றுவிடுவார்.

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறீர்கள். எனக்குக் கேட்கிறது. 'நல்ல வேளை, நமக்குப் பெயிண்டும் தெரியாது, பிரஷும் தெரியாது' என்று நினைக்கிறீர்கள். சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டிய பிறகு, அதைப் பிரித்து இன்னும் ஒரு வரி எழுதியது யார்? நன்றாகக் கொதித்து இறக்கிய குழம்பில், யாரும் கேட்காதபோது, இன்னும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டது யார்? சமாதானம் ஆகிவிட்ட சண்டையில், 'இருந்தாலும் நீ அன்னிக்குச் சொன்னது தப்புதான்' என்று வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொன்னது யார்? கேள்வி கேட்கிற எனக்கும் பெரிய யோக்கியதை இல்லை. இந்தக் கதை ஆணியில் படம் ஏறியபோதே முடிந்துவிட்டது, தெரிந்தேதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

அது போகட்டும். இத்தனையும் படித்ததில், எங்கேயாவது ஓரிடத்தில், 'இங்கே மட்டும் இந்த வார்த்தைக்குப் பதிலாக வேறொன்று போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமே' என்று உங்களுக்குத் தோன்றியதா? அதோ, கை பென்சிலைத் தேடுகிறது பாருங்கள்.

பட்!

நிறுத்துங்க!

"ஏன்?" என்றா கேட்டீர்கள்? இறங்கலாம். அடுத்த ஆள்.